ஒற்றைக்கட்டா, கூறுகளா? மென்பொருளில் எல்லைக்கோடு போடும் முறை

புதிய மென்பொருளைத் தொடங்கும் குழுவில் முதல் வாரமே ஒரு வாதம் வந்துவிடுகிறது: எல்லாவற்றையும் ஒரே கட்டாக எழுதுவதா, தனித்தனிக் கூறுகளாகப் பிரிப்பதா? வாதம் நாள்கணக்கில் நீள்வதற்குக் காரணம், அங்கே உண்மையில் இரண்டு கேள்விகள் கலந்து கிடப்பதுதான். நிரல் எத்தனை கூறுகளாக எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. ஓடும்போது அது எத்தனை ப்ராசஸ்களாக (கணினி தனித்தனியாக ஓட்டும் நிரல்களாக) ஓடுகிறது என்பது மற்றொன்று. முதலாவது, நாளை வரும் மாற்றத்தை எவ்வளவு சுலபமாகச் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, ஒரு பகுதி விழுந்தால் மற்றவை நிற்குமா, ஒரு பகுதியை மட்டும் பெருக்க முடியுமா, தனியாக வெளியிட முடியுமா என்பவற்றைத் தீர்மானிக்கிறது. கூறுகளாக எழுதுவதை முதல் நாளே தொடங்க வேண்டும், ஆனால் தனித்தனி ப்ராசஸ்களாகப் பிரிப்பதைப் பெயர் சொல்லக்கூடிய ஒரு கட்டாயம் வரும்வரை தள்ளிப்போட வேண்டும் என்பதே என் பரிந்துரை. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே விவரிக்கிறேன்.

இந்த வேறுபாடு புதியதன்று. 1972 டிசம்பரில் வெளிவந்த ஒரு கட்டுரையில் கணினி அறிவியலாளர் டேவிட் பார்னாஸ், சொல்லடைவு தயாரிக்கும் சிறு நிரல் ஒன்றை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் பிரிப்பு, வேலை நடக்கும் வரிசையை அப்படியே பின்பற்றியது: வரிகளைப் படிப்பது ஒரு கூறு, சொற்களைச் சுழற்றுவது ஒரு கூறு, அகரவரிசைப்படுத்துவது ஒரு கூறு, அச்சிடுவது ஒரு கூறு. இரண்டாவது பிரிப்பில், பின்னால் மாறக்கூடிய ஒரு முடிவை ஒவ்வொரு கூறும் தனக்குள் மறைத்து வைத்துக்கொண்டது. வரிகளை நினைவகத்தில் சேமிக்கும் முறையை மாற்ற நேர்ந்தால் முதல் பிரிப்பில் எல்லாக் கூறுகளையும் தொட வேண்டும். இரண்டாவதில் ஒன்றைத் தொட்டால் போதும். இரண்டு வடிவங்களும் தொகுத்து முடித்தபின் ஒரே இயந்திர நிரலாகவே இருக்கக்கூடும் என்றும் அவர் குறிப்பிட்டார். கூறுபடுத்துவது எழுதுகிறவருக்கும் திருத்துகிறவருக்கும் உரிய வசதி, கணினிக்கு அதைப்பற்றிக் கவலையில்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

மறுபக்கத்தைக் காட்டுவது லினக்ஸ் இயங்குதளம். 1992 ஜனவரியில் கணினி அறிவியல் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், லினக்ஸின் ஒற்றைக்கட்டுக் கருவகம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) காலாவதியான வடிவமைப்பு என்று எழுதியதும், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சூடாகப் பதில் சொன்னதும் பலர் அறிந்தவை. லினக்ஸ் கருவகம் இன்றும் ஒரே முகவரி வெளியில்தான் (எல்லாப் பகுதிகளும் பகிரும் ஒரே நினைவகப் பரப்பில்) ஓடுகிறது. ஆனால் அதன் நிரல் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டது. கோப்பு முறைமைகளும் சாதன இயக்கிகளும் வரையறுத்த இடைமுகங்களின் (வெளியிலிருந்து அழைப்பதற்கான வாயில்களின்) பின்னால் நிற்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும்போதே பல இயக்கிகளை ஏற்றவும் இறக்கவும் முடியும். அது ஒற்றைக்கட்டு, அதே சமயம் கூறுபட்டதும்கூட. அதற்குக் கிடைக்காதது ஒன்றே: மோசமான இயக்கி ஒன்று முழுக் கருவகத்தையும் கீழே இழுத்துவிடலாம். டேனன்பாம் பின்னர் வெளியிட்ட மினிக்ஸ் 3 இயங்குதளத்தில் இயக்கிகள் தனி ப்ராசஸ்களாக ஓடுவதால், விழுந்த இயக்கியை மட்டும் மீண்டும் எழுப்பிவிட முடிகிறது. ப்ராசஸ் பிரிப்பு தருவது இந்தத் தற்காப்பு. நிரல் அழகு அதனால் வருவதில்லை.

மாறப்போவதைப் பட்டியலிடுங்கள்

எல்லை எங்கே வர வேண்டும் என்பதைத் திரைகளைப் பார்த்தோ, செயல்படும் வரிசையைப் பார்த்தோ முடிவு செய்யாதீர்கள். ஒரு தாளில், அடுத்த இரண்டு ஆண்டுகளில் எவையெல்லாம் மாறக்கூடும் என்று எழுதுங்கள். ஆயத்த ஆடை விற்கும் ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். பணம் வாங்கித் தரும் நிறுவனம் மாறலாம், கூரியர் மாறலாம், குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனம் மாறலாம், தள்ளுபடி விதிகள் ஒவ்வொரு பண்டிகைக்கும் மாறும், வரி விகிதம் அரசு நினைத்தபோது மாறும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு கூறுக்கான வேட்பாளர்.

வரியை மட்டும் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் எல்லைக்கோடு எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது அங்கே நன்றாகத் தெரிகிறது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, வரிக் கணக்கை பில் திரையிலும் அறிக்கையிலும் பொருள் திரும்பப்பெறும் பகுதியிலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தவர்கள் ஒவ்வோர் இடமாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று விகிதங்கள் மறுபடி மாறின. அதற்கு முன் ஆயிரம் ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் இருந்தன. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். விகிதத்தை ஓர் அட்டவணையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். முடியாது. இங்கே விகிதமே விற்ற விலையைப் பொறுத்தது. 2,600 ரூபாய்ச் சட்டைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 2,340 ஆகி, வரி 18 இலிருந்து 5 க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே வரிக் கூறு, பொருள் பட்டியலிலிருந்து விலையைத் தானே எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பாகும். தள்ளுபடி கழித்த விலையைக் கேட்டு வாங்க வேண்டும். வாடிக்கையாளர் அதே மாநிலமா வேறு மாநிலமா என்பதைப் பொறுத்து மத்திய, மாநில வரிகளாகப் பிரிப்பதா, ஒருங்கிணைந்த வரியாகப் போடுவதா என்பது மாறும். விகிதம் மாறிய பின் ஒருவர் பழைய பில்லுக்குரிய பொருளைத் திருப்பினால், பழைய விகிதத்தில்தான் கழிக்க வேண்டும்.

இத்தனையும் கணக்கில் கொண்டால் வரிக் கூறின் இடைமுகம் தானாகவே வடிவம் பெறுகிறது: பொருள் வகை, தள்ளுபடி போக விலை, விற்ற தேதி, அனுப்பும் மாநிலம், பெறும் மாநிலம் ஆகிய ஐந்தும் உள்ளே, வரித்தொகையும் அதன் பிரிவும் வெளியே. விகிதங்களும் வரம்புத்தொகையும் உள்ளேயே மறைந்திருக்கும். அடுத்த முறை அறிவிப்பு வந்தால் திருத்தம் ஒரே இடத்தில் முடியும். இதற்குத் தனிச் சர்வர் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கோப்புறையும், நான்கைந்து கோப்புகளும், வெளியே தெரியும் ஒரே ஒரு செயற்கூறும் போதும்.

ஏற்கெனவே ஓடும் நிரலென்றால் கிட் பதிவேட்டைக் கேளுங்கள்

பழைய நிரலைப் பிரிக்க வேண்டியவர்களுக்கு ஊகத்தைவிட நல்ல சாட்சி ஒன்று கையிலேயே இருக்கிறது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் கடந்த ஓராண்டின் பதிவுகளை எடுத்து, எந்தெந்தக் கோப்புறைகள் ஒரே பதிவில் சேர்ந்து மாறியிருக்கின்றன என்று இணை இணையாக எண்ணுங்கள். இதற்கு இருபது முப்பது வரி நிரல் போதும். ஆர்டர் கோப்புறை மாறிய பதிவுகளில் பாதிக்கு மேல் சரக்கிருப்புக் கோப்புறையும் மாறியிருந்தால், காகிதத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அவற்றுக்கிடையே போட்ட கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. அவற்றைச் சேர்த்து ஒரே கூறாக்குங்கள்; அல்லது இரண்டையும் எப்போதும் சேர்த்து இழுக்கும் அந்த முடிவு எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். ஒட்டுமொத்தமாகப் பெயர் மாற்றிய பதிவுகளையும் வடிவூட்டப் பதிவுகளையும் எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாமே எல்லாவற்றோடும் சேர்ந்து மாறுவதாகத் தோன்றும்.

அட்டவணைக்கு ஒரே உரிமையாளர்

நிரலை ஒழுங்காகப் பிரித்துவிட்டுத் தரவுத்தளத்தைப் பொதுச் சொத்தாக விட்டுவிடுவது நான் மிக அதிகமாகக் காணும் பிழை. நிரலில் யாரும் எல்லை தாண்டுவதில்லை. ஆனால் அறிக்கைக்காக எழுதிய ஒரு வினவல் ஏழு அட்டவணைகளை இணைத்து எல்லாக் கூறுகளின் உள்வயிற்றையும் பார்த்துவிடுகிறது. பிறகு எந்த நெடுவரிசையின் பெயரை மாற்றினாலும் எங்கோ ஓரிடம் உடையும். ஒவ்வோர் அட்டவணைக்கும் ஒரே ஒரு கூறுதான் உரிமையாளர் என்று விதி வையுங்கள். மற்றவை அந்தக் கூறின் இடைமுகம் வழியாகக் கேட்டுப் பெறட்டும். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் கூறுக்கு ஒரு ஸ்கீமாவும் (அட்டவணைகளின் தனித் தொகுப்பு), அதற்கு மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் பெயரும் கொடுத்துவிட்டால், விதியை மீறும் வினவல் அனுமதிப் பிழையோடு நின்றுவிடும். அறிக்கைகளுக்கு விலக்கு தேவைப்பட்டால், அவற்றுக்கென்று தனிக் காட்சிகளை (சேமித்து வைத்த வினவல்களை) அந்தந்தக் கூறே வெளியிடலாம்.

இங்கேயே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். தரவுத்தளத்தில் எழுதும் எந்த இரண்டு செயல்கள் ஒன்றாக நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்காமல் இருக்க வேண்டும்? ஆர்டர் பதிவாவதும் இருப்பு குறைவதும் அப்படிப்பட்டவை. ஒரே தரவுத்தளத்தில் இருக்கும்வரை ஒரு தரவுத்தளப் பரிவர்த்தனை (எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற கட்டு) அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. இரண்டு தரவுத்தளங்களாகப் பிரித்துவிட்டால், முதல் செயல் நடந்து இரண்டாவது தவறும்போது முதலாவதை ஈடுசெய்யும் நடவடிக்கையை நீங்களே எழுத வேண்டும். 1987 இல் கார்சியா மோலினாவும் சேலமும் சாகா என்ற பெயரில் விவரித்த முறை அதுதான். அது வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒரு திரும்பும் படி எழுதி, அந்தத் திரும்பும் படியே தவறினால் என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும். இப்படிப்பட்ட இணைகளை ஒரே பக்கத்தில் வைப்பதே நல்லது.

எல்லையைக் கருவி காக்கட்டும்

எல்லைக்கோடு வெறும் வாய்ச்சொல்லாக இருந்தால் மூன்றாவது அவசர வெளியீட்டில் அழிந்துவிடும். மீறலைக் கண்டால் தொகுப்பியோ (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) சோதனையோ தோற்க வேண்டும். கோ மொழியில் இன்டர்னல் என்று பெயரிட்ட கோப்புறைக்குள் இருப்பதை வெளியிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. ஜாவா 2017 இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து கூறு வரையறையை மொழிக்குள்ளேயே தருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் சிக்கியிருப்பவர்கள் ஆர்க்யூனிட் என்ற கருவி மூலம் விதிகளைச் சோதனைகளாக எழுதலாம். ரூபியில் மாபெரும் ஒற்றைக்கட்டை நடத்தும் ஷாப்பிஃபை, 2020 இல் பேக்வெர்க் என்ற கருவியை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், ஏற்கெனவே இருக்கும் மீறல்களை ஒரு கோப்பில் பதிவு செய்துவிட்டு, புதிய மீறலை மட்டும் தடுப்பது. பழைய நிரலில் முதல் நாளே ஆயிரம் பிழைகளைக் காட்டும் விதியை யாரும் மதிக்க மாட்டார்கள். பட்டியல் வளரக்கூடாது, மெல்லக் குறைய வேண்டும் என்றால் ஒப்புக்கொள்வார்கள்.

பிரிப்பதன் விலை

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரே ப்ராசஸுக்குள் ஒரு கூறு மற்றொன்றை அழைப்பது நானோ நொடிகளில் முடியும் வேலை. அதே அழைப்பு ஒரு தரவு மையத்துக்குள் நெட்வொர்க் வழியாகப் போய்வர ஏறத்தாழ அரை மில்லி நொடி ஆகிறது. ஓர் அழைப்புக்கு இது பெரிதன்று. ஐம்பது ஆர்டர்களைக் காட்டும் பக்கம் ஒவ்வோர் ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தனித்தனியாகக் கேட்டால் இருபத்தைந்து மில்லி நொடி காத்திருப்பிலேயே போய்விடும்.

அதைவிட முக்கியமானது, கிடைக்கும் தன்மை பெருக்கல் கணக்கில் குறைவது. 99.9 சதவீதம் நிற்கும் ஒரு சேவை ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம் விழுந்திருக்கும். ஒரு கோரிக்கைக்கு விடை சொல்ல அப்படிப்பட்ட பத்து சேவைகளும் ஒருசேரத் தேவை, ஒன்றின் வீழ்ச்சிக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பில்லை என்றால், முழுச் சங்கிலியும் 99 சதவீதம்தான் நிற்கும். அது ஆண்டுக்கு எண்பத்தேழு மணி நேரம், அதாவது மூன்றரை நாளுக்கும் சற்று அதிகம். பிரித்தால் உறுதி கூடும் என்பது, ஒரு சேவை விழுந்தாலும் மற்றவை பயனுள்ள விடை தரும்படி எழுதியிருந்தால் மட்டுமே உண்மை. பரிந்துரைப் பெட்டி காலியாக இருந்தாலும் பொருளை வாங்க முடிய வேண்டும்.

செலவும் உண்டு. அமேசானின் பிரைம் வீடியோவில் ஒளி, ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் கருவி ஒன்றை முதலில் சிதறிய சர்வர்லெஸ் (சர்வரை நாமே பராமரிக்காமல் தேவைப்படும்போது ஓடும்) துண்டுகளாகக் கட்டியிருந்தார்கள். இடைநிலைப் படங்களை ஒவ்வொரு துண்டும் எஸ்3 சேமிப்பகம் வழியாக அடுத்த துண்டுக்குக் கொடுத்தது. எல்லாவற்றையும் ஒரே ப்ராசஸுக்குள் கொண்டுவந்ததும் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023 மார்ச்சில் எழுதினார்கள். மைக்ரோசர்வீஸ் முறையின் (மென்பொருளைச் சிறு சிறு தனிச் சேவைகளாகப் பிரிப்பதன்) மரண அறிக்கையாகப் பலர் அதைப் பரப்பினார்கள், அது மிகை. ஒரு கருவியின் கதை அது, முழு நிறுவனத்தின் கதையன்று. பெரிய தரவு ஓயாமல் கடந்துபோகும் இடத்தில் கோடு போடக்கூடாது என்பது மட்டுமே அதில் உள்ள செய்தி.

எந்தக் கட்டாயங்கள் செல்லும்

ஒரு கூறைத் தனி ப்ராசஸாக்க நான் ஏற்கும் காரணங்கள் சிலவே. அதன் சுமை மற்றவற்றிலிருந்து முற்றிலும் மாறுபட்டிருக்கலாம்: படங்களைச் சுருக்கும் வேலை எல்லா மையச் செயலிகளையும் விழுங்கும்போது பில் போடும் திரை காத்திருக்கக்கூடாது. அதற்கு வேறு வன்பொருளோ வேறு மொழியோ தேவைப்படலாம். அட்டை எண்களைத் தொடும் பகுதியைத் தனிமைப்படுத்தினால் பாதுகாப்புத் தணிக்கையின் எல்லை சுருங்கும். ஒன்று விழும்போது மற்றது நிற்கவே வேண்டும் என்ற தேவையும் செல்லும். 2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் தரவுத்தளம் பழுதாகி மூன்று நாட்கள் டிவிடி அனுப்ப முடியாமல் போனதுதான் அந்த நிறுவனத்தை ஒற்றை மையத்திலிருந்து விலகச் செய்தது. அந்த இடமாற்றம் 2016 ஜனவரியில்தான் முடிந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

கடைசிக் காரணம் ஆட்கள். ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு அதன் தகவல் தொடர்பு வடிவத்தையே நகலெடுக்கும் என்று மெல்வின் கான்வே 1968 இல் எழுதினார். தனித்தனி வெளியீட்டு நாள்களோடு பல குழுக்கள் ஒரே வரிசையில் நின்று ஒன்றுக்காக மற்றொன்று காத்திருந்தால், பிரிப்பு அந்தக் காத்திருப்பை உண்மையிலேயே குறைக்கும். ஐந்து பேர் கொண்ட குழு பன்னிரண்டு சேவைகளை நடத்தினால் அதே விதி தலைகீழாக வேலை செய்யும்: ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் தொட வேண்டும், ஒவ்வொரு மாற்றமும் மூன்று களஞ்சியங்களில் (நிரலைச் சேமித்து வைக்கும் இடங்களில்) நடக்க வேண்டும்.

நிரல் அலங்கோலமாக இருக்கிறது என்பது மட்டும் செல்லாத காரணம். அலங்கோலத்தைப் பிரித்தால் நெட்வொர்க்கில் பரவிய அலங்கோலம் கிடைக்கும்.

ஒரு கூறை வெளியே எடுக்கும் வரிசை

கட்டாயம் உறுதியானபின், முதலில் உள்ளிருந்தபடியே ஒத்திகை பாருங்கள். அந்தக் கூறின் இடைமுகத்தில் உயிருள்ள பொருள்களைக் கொடுத்து வாங்குவதை நிறுத்தி, எண்களும் சரங்களும் அடையாள எண்களும் மட்டுமே கடக்கும்படி செய்யுங்கள். பிறகு சோதனைச் சூழலில் அந்த இடைமுகத்துக்குள் ஐம்பது மில்லி நொடித் தாமதத்தையும், நூற்றுக்கு ஓர் அழைப்பு காரணமின்றித் தோற்பதையும் செயற்கையாக நுழைத்துவிடுங்கள். எந்தெந்தத் திரைகள் ஊர்கின்றன, எவை உடைகின்றன என்பது ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும். பிரித்தபின் மாதக்கணக்கில் கற்க வேண்டியதை இந்தச் சோதனை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே, இடைமுகம் மிகவும் சின்னச் சின்ன அழைப்புகளாக இருக்கிறது என்று புலப்படும். ஐம்பது கேள்விகளை ஒன்றாகத் தொகுத்துக் கேட்கும் அழைப்பாக மாற்றுங்கள்.

தோற்ற அழைப்பை மறுபடி அனுப்புவது பாதுகாப்பானதா என்பதை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். பணம் வாங்கும் அழைப்பு காலாவதியானால், பணம் போயிற்றா இல்லையா என்பது அழைத்தவருக்குத் தெரியாது. ஒவ்வொரு முயற்சியும் ஒரே ஆர்டர் எண்ணைச் சாவியாகக் கொண்டுபோகட்டும். அந்தச் சாவியை முன்பே பார்த்திருந்தால் சேவை பழைய விடையையே திருப்பித் தரட்டும்.

அதன்பின் தனிச் சேவையை ஏற்றி, சில வாரங்கள் பழைய பாதையையும் புதிய பாதையையும் சேர்த்து ஓட்டுங்கள். படிக்கும் கோரிக்கைகளை இரண்டுக்கும் அனுப்பி விடைகளை ஒப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். பயனருக்குப் பழைய விடையே போகட்டும். வேறுபாடுகள் தீர்ந்தபின் புதியதன் விடையைக் காட்டுங்கள், பின்பு எழுதும் கோரிக்கைகளை மாற்றுங்கள், இறுதியில் அட்டவணைகளை நகர்த்துங்கள். பழைய பாதையை அழிக்கும் தேதியை நாள்காட்டியில் குறித்து ஒருவரைப் பொறுப்பாக்குங்கள், ஏனென்றால் இரண்டு பாதைகளும் சேர்ந்து ஓடும் காலம்தான் எல்லாவற்றிலும் விலை அதிகமானது.

சேர்க்க வேண்டிய நேரமும் வரும்

செக்மென்ட் நிறுவனம் வாடிக்கையாளர் தரவை அனுப்பும் ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு சேவை என்று பிரித்து, 140 க்கும் மேற்பட்ட சேவைகள் ஆனபின், பொது நூலகங்களின் பதிப்புகள் ஒன்றுக்கொன்று விலகிப் பராமரிப்பு தாங்காமல், அவற்றை மறுபடி ஒன்றாக்கியதை 2018 இல் விவரித்தது. உங்கள் அமைப்பிலும் அந்த அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: இரண்டு சேவைகள் எப்போதும் ஒரே நாளில் வெளியாகின்றன, இரண்டும் ஒரே அட்டவணையில் எழுதுகின்றன, ஒன்றின் சோதனைக்கு மற்ற ஆறு சேவைகளும் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் முதலில் களஞ்சியங்களை ஒன்றாக்குங்கள், பின்பு நூலகப் பதிப்புகளை ஒன்றாக்குங்கள், அதன்பிறகு நெட்வொர்க் அழைப்பின் இடத்தில் நேரடி அழைப்பை வையுங்கள். இடைமுகத்தை மட்டும் அழிக்காதீர்கள். முன்பு அதன் மறுபக்கத்தில் ஒரு சர்வர் இருந்தது, இனி ஒரு கோப்புறை இருக்கும்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் களஞ்சியத்திலேயே வையுங்கள். என்ன முடிவு, எந்தக் கட்டாயத்தால், எந்த எண்ணிக்கை மாறினால் திரும்ப யோசிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். வெளியீட்டுக்காக ஒரு குழு சராசரியாக எத்தனை மணி நேரம் காத்திருக்கிறது என்பது அப்படிப்பட்ட எண்களில் ஒன்று. அதை இன்றைக்கே அளந்து குறிப்பில் எழுதிவிட்டால், ஓராண்டு கழித்துப் புதிதாகச் சேர்ந்தவர் இதே கேள்வியோடு வரும்போது அவர் கையில் கொடுக்க ஒரு தாள் இருக்கும்.